மணியாச்சியில் 'வில்லியம் டெல்' வாசித்தபோது
(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யார் நினைவாக ஆண்டுதோறும் இங்கே கூடுகிறோமோ, அந்த வாத்தியார் மேடைப் புகழ்ச்சியை விரும்பாதவர். அதனால் அவரைப் பற்றி ஒரே ஒரு செய்தியை மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சுக்குள் போகிறோம். அவர் விட்டுச்சென்ற டிரங்குப் பெட்டியில் அட்டை கிழிந்த ஒரு புத்தகம் இருந்தது. ஜெர்மன் நாடகாசிரியர் ஷில்லர் எழுதிய 'வில்லியம் டெல்' நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு. ஓரங்களில் எங்கும் குறிப்பு இல்லை. கடைசிப் பக்கத்தில் கடைசி வரிக்குக் கீழே மட்டும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைத்திருந்தார். அந்தக் கேள்விக்குறி எதற்கு என்று தெரிந்துகொள்ளத்தான் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து அந்த நாடகத்தை வாசித்தோம். ஒருவர் ஆங்கிலத்தில் வாசிக்க, மற்றவர்கள் தமிழில் சொல்லிச் சொல்லி நகர்ந்தோம். தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்பவர்கள், கரிமூட்டம் போடுபவர்கள், கல்லூரி மாணவர்கள் என்று பதினைந்து பேர் வந்தார்கள்.

மணியாச்சிக்காரர்களுக்கு ஜெர்மன் நாடகம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நம் ரயிலடியில் என்ன நடந்தது என்பதை ஊரறியும். 1911 ஜூன் 17, காலை பத்தரை மணி சுமார். திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் தன் மனைவியோடு முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். கொடைக்கானலில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்; தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காகக் காத்திருக்கிறார். செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன், 25 வயது இளைஞர், பெட்டிக்குள் ஏறிச் சுட்டார். பிளாட்பாரத்துக் கழிவறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. இன்று இந்த நிலையத்தின் பெயரே வாஞ்சி மணியாச்சி.

'வில்லியம் டெல்' கதையும் இதுதான். ஒரு நாட்டை அந்நிய ஆளுநர் ஒடுக்குகிறான். தனி மனிதன் ஒருவன் வழியில் மறைந்திருந்து அவனைக் கொல்கிறான். அந்தக் கொலை சரியா என்ற கேள்வி ஐந்தாம் அங்கம் வரை துரத்துகிறது. நம் ரயிலடிக்கு இவ்வளவு நெருக்கமான உலக நாடகம் வேறு எதுவும் எங்களுக்குத் தெரியாது.

இன்னொரு காரணமும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டு வருடமாக நம் மன்றத்துக்குள்ளேயே ஒரு சண்டை நடக்கிறது. ஜூன் 17 அன்று பாளையங்கோட்டையில் இருக்கும் ஆஷின் கல்லறைக்கு மாலை போட வேண்டும் என்று இளைஞர்கள் ஒரு பக்கம். கூடாது என்று மூத்தவர்கள் ஒரு பக்கம். பேச்சு முற்றி, இரண்டு மாதம் கூட்டமே நடக்கவில்லை. அந்தச் சண்டையைத் தள்ளி நின்று பார்க்க எங்களுக்கு ஒரு தூரத்து ஊர் தேவைப்பட்டது.

நாடகத்தைப் பற்றிக் கொஞ்சம். 1804 மார்ச் 17 அன்று வைமார் நகரத்து அரங்கில் முதலில் நடிக்கப்பட்டது. ஷில்லர் அடுத்த ஆண்டே இறந்துபோனார். ஸ்விட்சர்லாந்தை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. பார்த்து வந்தவர் நண்பர் கதே. அந்தக் கதையைக் காவியமாக எழுத நினைத்துப் பிறகு கைவிட்டவரும் அவர்தான். ஷில்லருக்கு அதிகாரம் என்றால் என்ன என்று சொந்த அனுபவத்தில் தெரியும். வ்யூர்ட்டெம்பெர்க் பிரபுவின் ராணுவப் பள்ளியில் வளர்ந்தவர். தன் முதல் நாடகம் மன்ஹைமில் நடப்பதைப் பார்க்க அனுமதியில்லாமல் போனதற்காகச் சிறைவைக்கப்பட்டு, இனி நாடகம் எழுதக் கூடாது என்று தடுக்கப்பட்டு, 1782இல் இரவோடு இரவாக ஊரைவிட்டு ஓடியவர்.

நாடகத்தில் ஆளுநரின் பெயர் கெஸ்லர். அல்ட்டோர்ஃப் ஊர்ப் பொதுவிடத்தில் ஒரு கம்பம் நட்டு, அதன் மேல் ஒரு தொப்பியை மாட்டி வைக்கிறான். போவோர் வருவோர் எல்லாம் அந்தத் தொப்பிக்கு முன் தலைப்பாகையைக் கழற்றி முழங்கால் மடக்க வேண்டும். டெல் வணங்காமல் போகிறான், பிடிபடுகிறான். மகன் தலையில் ஆப்பிளை வைத்து அதை அம்பால் அடிக்கச் சொல்கிறான் கெஸ்லர். இந்த ஆப்பிள் காட்சி உலகப் புகழ் பெற்றது. எங்கள் வாசிப்பில் அதை அரைமணி நேரத்தில் கடந்துவிட்டோம். தொப்பிக்குத்தான் ஒரு ஞாயிறு முழுவதும் போனது.

ஏனென்றால் கம்பத்துத் தொப்பி நமக்குப் புதிதில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்தது, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தது, சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனது, டீக்கடையில் தனிக் கிளாஸ். நம் ஊர்களில் கம்பமும் இல்லை, தொப்பியும் இல்லை, காவலாளும் இல்லை. வணக்கம் மட்டும் தலைமுறை தலைமுறையாக நடந்தது. ஷில்லரின் விவசாயிகளுக்குத் தொப்பி நேற்று வந்த அவமானம். அதனால்தான் அது அவர்களைக் கொதிக்க வைக்கிறது. சுதந்திரமாக இருந்தவனுக்கு அவமானம் நிகழ்ச்சி, அது நாடகமாகிறது. நமக்கு அது தினசரி. தினசரியை வைத்து எவன் நாடகம் எழுதுவான் என்று ஒரு தோழர் கேட்டார்.

ஆனாலும் ஷில்லர் ஒன்றைச் சரியாகப் பிடித்திருக்கிறார். தொப்பிக்குக் காவல் நிற்கும் இரண்டு சிப்பாய்கள் அலுத்துக்கொள்கிறார்கள். கௌரவமான ஆட்கள் யாரும் இந்தப் பக்கமே வருவதில்லையாம். தொப்பிக்கு வணங்க வேண்டாம் என்று ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறார்களாம். இதை வாசித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சுற்றுப்பாதை பற்றி நம்மிடம் கேட்டால் தெரியாதா? ஊர்த் தெரு வழியாகப் போகாமல் கம்மாய்க் கரை, பருத்திக் காட்டு வரப்பு, ரயில் தண்டவாளம் என்று பள்ளிக்கூடத்துக்கு நடந்த பாதைகளை ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். அன்று நாடகம் ஒரு பக்கம்கூட நகரவில்லை.

அடுத்தது ரூட்லி சபதம். மூன்று மாநிலத்து விவசாயிகள் நள்ளிரவில் ஏரிக்கரைப் புல்வெளியில் கூடிச் சத்தியம் செய்கிறார்கள். டெல் அங்கே இல்லை, அவன் தனியாள். ஜெர்மன் இலக்கியத்தில் மக்கள் கூடி முடிவெடுக்கும் மிகப் பெரிய காட்சிகளில் இது ஒன்று. ஆட்சி எல்லை மீறினால் மனிதனுக்குப் பிறப்பிலேயே உள்ள உரிமையை எடுத்துக்கொள்ளலாம் என்று ஷ்டௌஃபாகர் என்ற விவசாயி பேசுகிறான். அந்தக் காலத்து ஜெர்மன் தத்துவத்தோடு வைத்துப் பார்த்தால் இது பெரிய துணிச்சல். ஷில்லர் ஆண்டுக்கணக்கில் கற்ற தத்துவவாதி இம்மானுவேல் கான்ட். அவர் 1797இல் எழுதிய நூலில், ஆட்சித் தலைமையை எதிர்த்து எழ மக்களுக்குச் சட்டப்படி எந்த உரிமையும் கிடையாது, தாங்க முடியாத கொடுமையையும் தாங்கத்தான் வேண்டும் என்கிறார். ஏழு ஆண்டு கழித்து அவருடைய மாணவர் மேடையில் விவசாயியை நிறுத்தி, தாங்க வேண்டியதில்லை என்று பேச வைக்கிறார்.

ஆனால் அதே சபதத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. நாங்கள் புதிதாக எதையும் உண்டாக்கவில்லை, முன்னோர் காலத்துப் பழைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறோம் என்கிறார்கள் அந்த விவசாயிகள். அவர்களுக்கு மீட்டெடுக்க ஒரு பழைய காலம் இருக்கிறது. பண்ணைக்குக் கட்டுப்பட்ட மனிதனுக்கு அப்படி எந்தக் காலம்? மடத்துக்குச் சொந்தமான அடிமைக் குடியானவர்கள் இருவரும் அந்தக் கூட்டத்துக்கு வருகிறார்கள். நம்மைப் போலச் சொந்த நிலத்தில் சுதந்திரமாக இருப்பவர்கள் இல்லை என்பதற்காக இவர்களை இளக்காரமாகப் பார்க்காதீர்கள் என்று சொல்லி அறிமுகப்படுத்துகிறார்கள். கை கொடுக்கிறார்கள். பெருந்தன்மைதான். பெயர் கிடையாது, பேச்சு கிடையாது. ஊர்க் கூட்டத்தில் நம்மை எந்த வரிசையில் உட்கார வைப்பார்கள் என்பது நினைவுக்கு வந்தது.

மணியாச்சியில் கிடைத்த கடிதமும் மீட்பைத்தான் பேசுகிறது. மிலேச்சர்கள் சனாதன தர்மத்தைக் காலால் மிதித்து அழிக்கிறார்கள், அதை நிலைநாட்ட வேண்டும் என்பது அதன் சாரம். முடிசூட இருந்த ஐந்தாம் ஜார்ஜை மாட்டிறைச்சி தின்பவன் என்று இழிக்கிறது, 'பஞ்சமன்' என்கிறது. ஐந்தாமவர் என்பதால் பஞ்சமன் என்று விளக்கம் சொல்லலாம். ஆனால் 1911இல் அரசு ஏடுகளிலும் தெருவிலும் பஞ்சமர் என்றால் யார்? நாம்தான். மாட்டிறைச்சி தின்பவர் என்று இழிக்கப்பட்டவர் யார்? அதுவும் நாம்தான். வாஞ்சியின் துணிவை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. தன் உயிரையும் வைத்துவிட்டுப் போனவர். அவர் மீட்க நினைத்த நாட்டில் நமக்கு இருந்த இடத்தைச் சொல்கிறோம். அதே ஆண்டுகளில் சென்னையிலிருந்து 'தமிழன்' இதழில் அயோத்திதாசர் சுதேசியம் பேசியவர்களை நோக்கிக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விகளும் இவைதாம். வாஞ்சிக்குத் துப்பாக்கி சுடப் பழக்கியவர் என்று சொல்லப்படும் வ.வே.சு. ஐயர் பின்னாளில் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்று கிளம்பிய பிரச்சினை 1925 வரை இழுத்ததும் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொரு சபதத்தையும் பக்கத்தில் வைத்தோம். 1927 டிசம்பரில் மகத் மாநாட்டில் பேசிய அம்பேத்கர், அந்தக் கூட்டத்தை 1789இன் பிரெஞ்சு தேசிய சபையோடு ஒப்பிட்டார். ஜெர்மன் கற்றவர் அவர். பான் பல்கலைக்கழகத்தில் படிக்க விண்ணப்பித்தவர். ஆனால் உவமைக்கு ரூட்லிப் புல்வெளியை எடுக்கவில்லை, பாரிசைத்தான் எடுத்தார். காரணம் வெளிச்சம். பழையதைப் புதுப்பிக்க நமக்கு எதுவும் இல்லை. சவுதார் குளத்துத் தண்ணீரில் கை வைத்ததே முதல் உரிமை.

ஷில்லர் பாரிசைப் பார்த்துப் பயந்தவர். 1792இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு அவருக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்தது. பெயரைத் தப்பாக எழுதி அனுப்பியதால் அந்தச் சான்றிதழ் அவர் கைக்கு வர 1798 ஆகிவிட்டது. அதற்குள் மன்னன் தலை போனதைக் கண்டு அவர் மனம் கசந்திருந்தது. 1795இல் அழகியல் கல்வி குறித்து அவர் எழுதிய கடிதங்களின் வாதத்தைச் சுருக்கமாகச் சொன்னால், வாய்ப்பு வந்தது, அதைப் பெறத் தகுதியான மனிதர்கள் இல்லை. முதலில் கலையால் மனிதரைப் பண்படுத்துங்கள், பிறகு அரசியல் சுதந்திரம். சமூகவியல் படித்த காலத்தில் இந்தக் கடிதங்களை வியந்து வாசித்ததுண்டு. இப்போது வாசித்தபோது வேறொரு குரல் கேட்டது. முதலில் சுத்தமாக இரு, படி, குடியை விடு, பிறகு கோயிலுக்குள் வா. இந்தப் 'பிறகு'வைக் கேட்டே நம் தாத்தாக்கள் போய்ச் சேர்ந்தார்கள். இங்கே ஷில்லரோடு நமக்கு உடன்பாடில்லை. விசித்திரம் என்னவென்றால், அந்தக் கடிதங்களை எழுதியவரே ஒன்பது ஆண்டு கழித்து, பண்படக் காத்திருக்காத ஆட்களை மேடைக்குக் கொண்டுவந்தார்.

முதல் அங்கத்தில் மக்களை வேகாரி வேலை வாங்கி ஒரு கோட்டை கட்டுகிறார்கள். கூரை வேலை பார்த்தவன் விழுந்து சாகிறான். பெர்த்தா என்ற பிரபுகுலப் பெண் ஓடி வந்து தன் நகைகளைக் கூட்டத்துக்குள் வீசிக் காப்பாற்றச் சொல்கிறாள். எல்லாவற்றையும் தங்கத்தால் சரிக்கட்டிவிடலாம் என்று உங்களுக்கு நினைப்பு என்று மேஸ்திரி அவள் முகத்துக்கு நேரே சொல்கிறான். சாக்கடைக் குழியில் இறங்கிச் சாகிறவருக்குப் பத்து லட்சம் என்றது உச்ச நீதிமன்றம் 2014இல். 2023இல் முப்பது லட்சம் என்றது. தொகை வேண்டும்தான், குடும்பம் பிழைக்க வேண்டும். ஆனால் அந்த மேஸ்திரியின் வாக்கியத்தைப் பட்டாசு ஆலை விபத்துக்குப் பிறகு நம் பக்கத்து வீட்டுத் திண்ணையிலும் கேட்டிருக்கிறோம்.

இப்போது மலைக்கணவாய். நான்காம் அங்கம். டெல் பாறை மறைவில் வில்லோடு காத்திருக்கிறான். கெஸ்லர் குதிரையில் வருகிறான். அம்பு பாய்வதற்கு முன் வழியை மறித்து நிற்பவள் ஒரு பெண். பெயர் ஆர்ம்கார்ட். நிலமில்லாதவள். மாடுகளே ஏறத் துணியாத செங்குத்துப் பாறையில் தொங்கிப் புல்லறுத்து விற்பவன் அவள் புருசன். ஆறு மாதமாக விசாரணையில்லாமல் சிறையில் கிடக்கிறான். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்து குதிரைக்கு முன்னால் விழுந்து, என்னை மிதித்துக்கொண்டு போ என்கிறாள். கெஸ்லர் அங்கே நின்றதற்கு அவள்தான் காரணம். அவன் கோபத்தில் இன்னும் கொடிய சட்டம் போடப் போவதாகக் கத்தும்போது அம்பு பாய்கிறது. சரித்திரத்தில் டெல் பெயர் நின்றது. வழியை மறித்தது அவள் உடம்பு.

ஆர்ம்கார்டை வாசித்த அன்றுதான் நம் மாலைச் சண்டைக்கு வழி கிடைத்தது. நம்மிடையே ஒரு கதை உலவுகிறது. பிரசவ வலியில் துடித்த நம் பெண் ஒருத்தியை அக்கிரகாரத் தெரு வழியாக வண்டியில் கொண்டுபோக ஆஷ் உதவினார், அதனால்தான் கொல்லப்பட்டார் என்று. அந்தக் காலத்துச் சான்று எதையும் யாரும் இதற்கு முன்வைக்கவில்லை. நம் வலியிலிருந்து பிறந்த கதை அது. அதைச் சொல்பவர்களைக் கேலி செய்ய நாங்கள் தயாரில்லை. வில்லியம் டெல்லே கட்டுக்கதைதான். ஆப்பிள் கதை டென்மார்க்கில் அதற்கு முன்பே வழங்கிய ஒன்று என்று 1760இல் ஒரு பாதிரியார் எழுதியபோது, ஊரி மாநிலத்தார் அந்த நூலைத் தீயிலிட்டார்கள். உண்மையைச் சொன்னவர் புத்தகத்தை எரித்துத் தங்கள் வீரனைக் காப்பாற்றினார்கள். நாம் அந்த வேலையைச் செய்யலாமா என்பதுதான் கேள்வி.

கதையில் வரும் பெண்ணைக் கவனியுங்கள். பெயரில்லை. ஒரு வார்த்தை பேசுவதில்லை. பிள்ளை பிழைத்ததா என்றுகூடக் கதை சொல்வதில்லை. துரை நல்லவர் என்று காட்டுவதற்காக மட்டும் அவள் வண்டியில் கிடக்கிறாள். இருநூறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜெர்மன்காரர் தன் புல்லறுப்புக்காரிக்குக் கொடுத்த குரலை நம் கதை நம் பெண்ணுக்குக் கொடுக்கவில்லை. ஆஷைப் பற்றிச் சான்றோடு தெரிந்தது வேறு. 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அங்கே சப் கலெக்டர் அவர். அதிகாரம் ஹார்வி முதலாளிகள் பக்கம் நின்றது. வ.உ.சி.யின் கப்பல் கம்பெனியை ஒடுக்கியதிலும் அவருக்குப் பங்குண்டு. கூலிக்காரன் எதிரில் நின்ற அதிகாரிக்கு நாம் எதற்கு மாலை போட வேண்டும்? அதற்காக அடுத்த மாலையைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்குப் போகவும் வேண்டாம் என்றார் மூத்தவர் ஒருவர். அத்தோடு அந்தச் சண்டை ஓய்ந்தது. முழுதாக ஓய்ந்தது என்று சொல்ல முடியாது. இந்தக் கூட்டத்திலேயே முறைத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஐந்தாம் அங்கத்தில் துறவி வேடத்தில் ஒருவன் டெல் வீட்டுக்கு வருகிறான். பாரிசிடா. சொத்துரிமை தராத பெரியப்பனை, பேரரசனை, கொன்றுவிட்டு ஓடி வந்தவன். நீயும் கொன்றாய், நானும் கொன்றேன் என்று உறவு கொண்டாடுகிறான். டெல் பதறி விலகுகிறான்: நீ பேராசைக்குக் கொன்றாய், நான் பிள்ளைகளைக் காக்கக் கொன்றேன். யார் கொன்றார் என்பதைவிட எதற்காக என்பதே ஷில்லரின் அளவுகோல். 1828இல் லுட்விக் போர்னே என்ற எழுத்தாளர் இந்த நாடகத்தைக் கடுமையாக விமர்சித்தார். டெல்லுக்குள் இருப்பது அடங்கிப்போகும் சின்ன மனிதன், தொப்பியைக் கவனிக்கவில்லை என்று சாக்குச் சொல்பவன், மறைந்திருந்து கொன்றவன் என்றார். போர்னே பிறந்தது ஃபிராங்க்ஃபர்ட்டின் யூதச் சேரியில். இரவில் வாசற்கதவு பூட்டப்பட்ட தெருவில். ஊர் கொண்டாடும் வீரனைச் சேரியிலிருந்து வந்தவன் வேறு கண்ணால் பார்த்தான் என்பது எங்களுக்கு ஆச்சரியம் தரவில்லை. பிலிப்பைன்சின் ரிசால் 1886இல் இதே நாடகத்தைத் தன் தாகலோக் மொழியில் பெயர்த்தார். முதலில் தேசிய நாடகம் என்று தூக்கிவைத்த ஹிட்லர், 1941இல் மேடையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் நீக்க உத்தரவிட்டான். சர்வாதிகாரியைக் கொல்லும் நாடகம் சர்வாதிகாரிக்கு எத்தனை நாள் பிடிக்கும்?

ஆளுநர் மாறிய பிறகும் தொப்பி இருக்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1995 ஆகஸ்ட் 31 அன்று நம் ஒட்டப்பிடாரம் வட்டத்துக் கொடியன்குளத்தில் புகுந்த காவல்படை டி.வி., பாத்திரம், தையல் மிஷின் எல்லாவற்றையும் உடைத்தது. பிள்ளைகளின் சர்டிபிகேட்டுகளைக் கிழித்தது. குடிநீர்க் கிணற்றைப் பாழாக்கியது. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் தலை நிமிர்ந்த ஊர் அது. எந்தெந்தப் பொருளை உடைத்தார்கள் என்ற பட்டியலைப் பார்த்தாலே எந்தத் தொப்பிக்கு வணங்காத குற்றம் என்று புரியும்.

இனி வாத்தியாரின் கேள்விக்குறி. நாடகத்தின் கடைசி வரியைப் பேசுபவன் ருடென்ஸ் என்ற இளம் பிரபு. பெர்த்தாவைக் கைப்பிடிக்கும் மகிழ்ச்சியில், தன் அடிமைகள் அனைவரையும் விடுதலை செய்வதாக அறிவிக்கிறான். உடனே இசை, திரை விழுகிறது. அந்த அடிமைகள் யார், மேடையில் எங்கே நின்றார்கள், கேட்டு என்ன சொன்னார்கள், மறுநாள் யார் நிலத்தில் வேலைக்குப் போனார்கள், ஒன்றும் கிடையாது. ஐந்து அங்கம் சுதந்திரம் பேசிய நாடகத்தில் நம்மைப் போன்றவர்களின் விடுதலைக்குக் கிடைத்தது ஒரு வாக்கியம். அதுவும் கல்யாண வீட்டு மொய் மாதிரி. 1947க்குச் சில மாதம் முந்தியும் பிந்தியும் நம் ஆட்கள் பண்ணைகளில் எப்படி இருந்தார்கள் என்பதை அறிந்த வாத்தியார், வேறு எந்தக் குறியை அங்கே போட்டிருப்பார்?

கடைசி ஞாயிறு, ஆர்ம்கார்ட் பேசும் பகுதியைத் தமிழில் சத்தமாக வாசித்தவர் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கும் அக்கா ஒருவர். இரண்டு தடவை வாசித்தார். கெஸ்லர் விழுந்ததும் ஆர்ம்கார்ட் தன் பிள்ளையைத் தூக்கிக் காட்டும் இடத்தில் நிறுத்தி, எங்களைப் பார்த்துக் கேட்டார்: "அதெல்லாம் சரிண்ணே, அவ புருசன் ஜெயில்ல இருந்து வெளிய வந்தானா, இல்லையா?"

பக்கங்களைப் புரட்டினோம். கோட்டையை இடிக்கிறார்கள், கொண்டாடுகிறார்கள், டெல் வீடு திரும்புகிறான். புல்லறுப்புக்காரனைப் பற்றிப் பேச்சே இல்லை. வருகிற ஞாயிறு ஐந்தாம் அங்கத்தை முதலிலிருந்து மறுபடி வாசிக்கிறோம். அக்காவுக்கு இரண்டாம் ஷிப்ட் என்பதால் காலை ஒன்பது மணிக்கே தொடங்குகிறோம். வர முடிந்தவர்கள் வாருங்கள்.